போலோ ஜிடி-க்குப் புது ஷாக்: குறைந்த பட்ஜெட்டில் எதைப் போடலாம்?

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இந்தியாவுக்கு 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பி.எஸ்., ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். "இதுக்குப் பேரு பெர்ஃபார்மன்ஸ் காரா?" என்று சிரிப்பவர்கள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அதில் ஒருமுறை ஏறிவிட்டு வந்து பேசட்டும். 2022-ல் போலோவின் தயாரிப்பே இங்கே நின்றுவிட்டது. இன்று கைமாறிக்கொண்டிருக்கும் ஜிடி-கள் பலவும் இரண்டாவது, மூன்றாவது ஓனரிடம் இருப்பவை. எஞ்சினைப் பற்றியும் கியர்பாக்ஸைப் பற்றியும் வாங்கும்போதே நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். ஷாக் அப்சார்பரைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது கம்பெனியில் போட்டதாகவே இருக்கும்.

மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பில்ஸ்டீன் பி6 போடு, வேற பேச்சே வேண்டாம்" என்று விலை உயர்ந்த ஜெர்மன் ஷாக்கைக் காட்டுவார் ஒருவர். "ஷோரூம் பார்ட்டே போதும்" என்பார் மெக்கானிக். "பி6 காசுக்குக் கோய்லோவரே வந்துடுமே" என்பான் காலேஜ் தம்பி; ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக, உயரம் மாற்றும் திருகோடு வருவதைத்தான் சொல்கிறான். என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: கையிலிருக்கும் பணத்தில் முதல் பங்கு ஷாக்கைச் சுற்றியிருக்கும் ரப்பருக்கு. மிச்சத்தில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து எது வாங்க முடிகிறதோ, அதுதான் உங்கள் ஷாக். இரண்டுக்கு மட்டும் எட்டும் பிராண்டு உங்கள் பட்ஜெட்டில் இல்லை என்று அர்த்தம்.

ஷாக் போனதா, ரப்பர் போனதா?

பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள். முழுதாகச் செத்த ஷாக் மட்டும்தான் அதில் மாட்டும். பாதி செத்தது நிற்கும் வண்டியில் நல்லபிள்ளையாக நடிக்கும். அதன் யோக்கியதை எண்பது, நூறு வேகத்தில் மேம்பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதுதான் தெரியும். ஒரு மேட்டுக்கு ஒரு அசைவு என்றில்லாமல், பின்பக்கம் எழும்பி, இறங்கி, மறுபடி ஒருமுறை எழும்பினால் அது முடிந்த கதை. பிரேக்கை அழுத்தும்போது மூக்கு குப்புறப் போவது இன்னொரு அடையாளம். டயரின் மேல் உள்ளங்கையை வட்டமாகத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆயில் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். தண்டுக்குப் பக்கத்தில் லேசாக வியர்த்து, தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். உடம்பு முழுக்க நனைந்து, கீழே வரைக்கும் வழிந்திருந்தால்தான் லீக்.

ஆனால் "லொடக் லொடக்" என்ற சத்தம்? பெரும்பாலும் அது ஷாக் இல்லை. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் லிங்க் ராடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஸ்ட்ரட்டை (முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) மேலே பிடிக்கும் மவுண்ட் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டால், புது ஷாக்கோடு பழைய சத்தமும் தொடரும். புது ஷாக்கைப் போட, முன்பக்க ஸ்ட்ரட்டை எப்படியும் பிரித்தாக வேண்டும். அப்போதே மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டால் லேபர் ஒரே தடவையோடு போகும். பம்ப் ஸ்டாப் ஒரு சின்ன நுரை உருளை; பத்து வருடத்தில் தொட்டாலே பொடியாக உதிரும். பள்ளத்தில் ஷாக் முழுதாக அமுங்கும்போது கடைசியாகத் தாங்குவது அதுதான். அது இல்லாத வண்டியில் எந்த பிராண்டு ஷாக்கும் சீக்கிரம் சாகும்.

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய்

வளைவில் வண்டியின் உடம்பு எவ்வளவு சாய வேண்டும் என்பதை ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதுதான் ஷாக்கின் வேலை. அசைவை ஆயிலின் வழியே சூடாக மாற்றி வெளியே விடுகிறது. அந்தச் சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

சாதாரணக் கார்களில் வருவது இரட்டைக் குழாய். உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச ஆயில், அதன் மேல் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன். மலைப்பாதையில் விடாமல் வேலை செய்யும்போது ஆயில் சூடாகி நுரைத்தால் பிடிமானம் குறையும். ஒற்றைக் குழாயில் ஆயிலையும் கேஸையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. கேஸ் அழுத்தம் 20 முதல் 30 பார் வரை. நுரைக்க வழியில்லை, சூடு நேராகக் குழாய்ச் சுவர் வழியே வெளியே போய்விடும், அதே பருமனில் பெரிய பிஸ்டனையும் வைக்கலாம். ஆனால் அதன் சுவரில் கல் பட்டு ஒரு சொட்டை விழுந்தால் பிஸ்டன் அங்கேயே உரசும். இரட்டைக் குழாய்க்கு வெளிச்சுவரில் சொட்டை விழுந்தாலும் பெரும்பாலும் வேலை ஓடும்.

ஒற்றைக் குழாயின் கேஸ் அழுத்தத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. 11 மிமீ தண்டும் 25 பார் அழுத்தமும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தத் தண்டு சுமார் 240 நியூட்டன் விசையோடு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சக்கரத்துக்கு 24 கிலோவைத் தூக்கிப் பிடித்த மாதிரி. அதனால் ஒற்றைக் குழாய் ஷாக் போட்ட வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும். இந்திய போலோ நம் ரோட்டுக்காக ஐரோப்பிய போலோவைவிட ஏற்கெனவே உயரமாக வந்தது. ஷாக் மாற்றியதும் வண்டி உட்காரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுவது

ஷோரூம் அசல் பாகம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம், அளவு பொருந்தும், உயரம் மாறாது. புதிதாகப் போட்டதும் "அட, வண்டி முதல்ல இப்படித்தான் இருந்துச்சா" என்று தோன்றும். அடிபட்ட பழைய ஷாக்குக்கும் புது அசல் ஷாக்குக்கும் உள்ள வித்தியாசம், புது அசலுக்கும் விலை உயர்ந்த ஷாக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. பலர் இதை மறந்துவிட்டு, பழைய ஷாக்கை இறக்கி பி6-ஐ ஏற்றிவிட்டு, எல்லாப் புகழையும் பி6-க்கே கொடுக்கிறார்கள்.

அசல் தரத்து வெளி மார்க்கெட். சாக்ஸ், கேஒய்பி, மன்ரோ, பில்ஸ்டீன் பி4 இவை எல்லாம் இந்த வரிசை. சாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் குழுமத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் பல ஃபோக்ஸ்வாகன்களுக்கு அதுவே அசல் சப்ளையர். பி4-ஐ பில்ஸ்டீன் பெயருக்காக வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: போலோ மாதிரிக் கார்களுக்கு அது அசலுக்கு மாற்றாக வரும் இரட்டைக் குழாய் ஷாக்தான். நல்ல பொருள், ஆனால் பி6-ன் தம்பி இல்லை. நீலமா மஞ்சளா என்று நிறத்தைப் பார்த்து யாராவது உங்கள் வண்டியைப் பாராட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கோனி ஸ்பெஷல் ஆக்டிவ். நெதர்லாந்து கம்பெனி. இதில் குலுக்கலின் அதிர்வெண்ணைப் பார்த்து வேலை செய்யும் ஒரு வால்வு இருக்கிறது. சின்னச் சின்னக் குலுக்கல்கள் வேகமாக வரும்போது பக்கவாட்டில் ஒரு ஆயில் பாதை திறந்தே இருக்கும். ஷாக் மென்மையாக இருக்கும். வளைவில் உடம்பு மெதுவாகச் சாயும்போது அழுத்தம் கூடி அந்தப் பாதை மூடிக்கொள்ளும், ஷாக் இறுகும். எலக்ட்ரானிக்ஸ் ஏதும் கிடையாது, எல்லாம் ஆயிலும் வால்வும். காலையில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறும் ஆளுக்கு என் கணிப்பில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. எளிதில் கிடைக்காது என்பதுதான் குறை. கேட்லாக்கில் வருடம், எஞ்சின் போட்டுப் பார்த்துவிட்டு, வரவழைக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

பில்ஸ்டீன் பி6. ஒற்றைக் குழாய், அசல் நீளம், அசல் ஸ்பிரிங்குக்காக வடிவமைத்தது. வேகமான மலைப்பாதையில் இதன் குணம் தனி: ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியில் மூக்கு வரும், வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தாலும் வண்டி தடம் மாறாது, கீழே இறங்கி வந்து சேரும்போதும் ஏறத் தொடங்கியபோது இருந்த அதே பிடி. ஆனால் நகரத்துக்குள் முப்பது வேகத்தில் ஒட்டுப்போட்ட ரோடு, சின்ன வெடிப்பு, மேன்ஹோல் மூடி எல்லாமே உடம்புக்குத் தெரியும். மாமனாரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சாலை உடைந்த பகுதியில் தினமும் ஓடும் வண்டிக்கு, காசு இருந்தாலும் நான் பி6 சொல்ல மாட்டேன்.

பி8-ம் லோயரிங் ஸ்பிரிங்கும். பி8 என்பது பி6-ன் குட்டை வடிவம். வண்டியை இறக்கும் ஸ்பிரிங்கோடு போடுவதற்கென்றே வருவது. இறக்கும் ஸ்பிரிங்கைப் பழைய அசல் ஷாக்கில் போடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் "சிக்கனம்". ஷாக்குக்கு மிச்சமிருக்கும் அமுங்கும் தூரம் குறைந்துபோய், அது பம்ப் ஸ்டாப்பிலேயே குடியிருக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போகலாம். நம் தெருவில் இரவோடு இரவாக முளைக்கும் வேகத்தடைக்கு அளவே கிடையாது. இறக்கிய போலோவின் வயிறு அதைத் தினமும் தொடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இன்னொரு பக்கம்: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொன்னது. தேய்ந்த ஷாக்கை மாற்றுவது ரிப்பேர். உயரத்தைக் குறைத்தால், நாளை விபத்து க்ளெய்மில் சர்வேயர் கேள்வி கேட்க நாமே வழிவிட்டதாகும்.

கோய்லோவர். நல்ல கோய்லோவர் நல்ல சாமான்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அதன் தேவை புரியும். பட்ஜெட்டில் கிடைக்கும் கோய்லோவர் வேறு சாதி. ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற முப்பத்திரண்டு கிளிக் என்று எழுதியிருக்கும். திருகினால் முதல் சில கிளிக்குக்குப் பிறகு ஒன்றும் மாறாது. ஸ்பிரிங் கடினம், ஷாக்கின் வால்வு அதற்கு ஈடுகொடுக்காது. நம் மழையிலும் மண்ணிலும் உயரம் மாற்றும் திருகுப் பற்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பி6 விலையில் கோய்லோவர் கிடைக்கிறது என்றால், அந்தக் காசு வெளியே தெரியும் வண்ணத்துக்கும் உருக்குக்கும் போயிருக்கிறது, உள்ளே வால்வுக்குப் போகவில்லை.

ரீகண்டிஷன். புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் பழைய ஷாக்கைத் துளைபோட்டு, ஆயில் மாற்றி, கேஸ் அடித்து, வெல்டு வைத்துத் தருவார்கள். டாக்ஸிக்குச் சரி. உள்ளே தேய்ந்த பிஸ்டனும் வால்வின் மெல்லிய தகடுகளும் அப்படியே இருக்கும். இடதும் வலதும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நூறில் பிரேக் அடிக்கும் வண்டிக்கு வேண்டாம். யாராவது காரை விற்கும்போது கழற்றி வைத்த பி6 கிடைத்தால் அது வேறு விஷயம்: தண்டின் குரோம் மேல் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கீறல் சீலைக் கிழித்துவிடும்.

ஆர்டர் போடும் முன்

டிஎஸ்ஐ-யும் டிடிஐ-யும் ஒரே போலோதானே என்று டீசல் ஸ்ட்ரட்டை எடுத்து மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சின் மூக்கில் கூடுதல் கனம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் அதற்கேற்பத்தான் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் ஒவ்வொரு வண்டிக்கும் என்ன சஸ்பென்ஷன் என்பதைக் குறியீட்டு ஸ்டிக்கரில் அச்சிடுகிறது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலோ சர்வீஸ் புத்தகத்திலோ பாருங்கள். அதைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். ஐரோப்பியக் கேட்லாக்குகளில் சில பாகங்களுக்குக் கீழே 'மோசமான சாலைக்கான சஸ்பென்ஷனுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் வண்டி அந்த வகையில் சேருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையை நான் இங்கே எழுதவில்லை. யூரோ ஏறினால் இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறிவிடும். ஒன்று மட்டும்: உதிரிபாகங்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள்.

இப்போது முடிவு. பட்ஜெட் இறுக்கம், வண்டி தினமும் ஓடுகிறது என்றால் சாக்ஸ் அல்லது பி4 நான்கு, கூடவே மவுண்ட், பம்ப் ஸ்டாப், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் புதிது. பத்தில் எட்டு பேருக்கு இதோடு கதை முடிகிறது என்பது என் எண்ணம். டயர் பழசாகிக் கல்லாகியிருந்தால், பி4-க்கும் பி6-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை டயரில் போடுங்கள்; மலையில் அது இன்னும் அதிகம் திருப்பிக் கொடுக்கும். சில மாதம் பொறுக்க முடியும், குடும்பமும் அதே வண்டியில் வரும் என்றால் கோனி. வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர், நல்ல ரோட்டில் வேகமாக ஓட்டுகிறவர், பின்சீட்டில் யாரும் இல்லாதவர் என்றால் அசல் ஸ்பிரிங்கோடு பி6. லோயரிங், மலிவு கோய்லோவர், ரீகண்டிஷன் மூன்றையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

"இப்ப முன்னால ரெண்டு பி6, போனஸ் வந்ததும் பின்னால" என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். முன்பக்கம் இறுகி, பின்பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் வண்டி மழையில் அவசரமாக லேன் மாற்றும்போது என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

பின்பக்கம் சுலபம், போலோவில் பின் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும், அரைமணி வேலை. முன்பக்கம்தான் கை பழகிய ஆள் வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் கம்பியைக் கட்டி வேலை செய்யும் இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

மேல் நட்டை இறுக்கும்போது தண்டு சேர்ந்து சுற்றும். அப்போது பிளேயரை எடுத்துத் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு. புது ஷாக் அந்த இடத்திலேயே பழசாகிவிடும்; கவ்விய தடம் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும். தண்டின் நுனியில் இருக்கும் பிடிப்பில் சாவியை வைத்துப் பிடித்துக்கொண்டு, நட்டைக் கை ஸ்பானரால் இறுக்கச் சொல்லுங்கள். இரட்டைக் குழாய் ஷாக் என்றால், கடையில் படுக்க வைத்திருந்ததை நிமிர்த்தி நிறுத்தி, மாட்டும் முன் சில முறை மெதுவாக அமுக்கி இழுத்து உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கீழ்ப்புறம் ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் கனம் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழிந்துவிடும்.

பிறகு வீல் அலைன்மென்ட். வண்டி சில மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டின் மட்டத்தையும் கூடவே இறக்கிவிடச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்கட்டும்.